மூணு பந்து மிஷினை ஓரங்கட்டச் சொல்லிட்டாங்க: மாற்று நுரையீரலுக்குக் காத்திருக்கிற அம்மாவுக்கு மூச்சுத் தசைப் பயிற்சி தேவையா?

மாடக்குளம்_மகள் | திங்கள், இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

அம்மாவுக்கு 54 வயசு. புறா எச்சத்தால வந்த ஒவ்வாமை, நாள்பட்டு நுரையீரல் தழும்பேறிப் போச்சு. (பழைய ஃப்ளாட் பால்கனி முழுக்கப் புறா. பாவம்னு அரிசி போட்டதே அம்மாதான். அதைப் பத்தி வீட்டுல இப்ப யாரும் பேசறதில்ல.) ஏழு மாசமா டிரான்ஸ்டான் (தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியல்ல இருக்காங்க. மதுரையை விட்டுட்டு சென்னையில ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே வாடகைக்கு வந்துட்டோம். வீட்டுல 10 லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். உட்கார்ந்திருந்தா நிமிஷத்துக்கு 3 லிட்டர், நடந்தா 6.

முதல்ல பார்த்த இடத்துல மூணு பந்து மிஷினைக் கையில கொடுத்து "நல்லா ஊதுங்கம்மா"ன்னு அனுப்பிட்டாங்க. அம்மாவும் ஊதினாங்க. நிஜமாவே ஊதினாங்க. பந்து அசையல. நமக்கு அவ்வளவுதான் தெம்புன்னு நினைச்சு அழுதிருக்காங்க. போன வாரம் புது பிசியோ பார்த்துட்டு, "அம்மா, இது உறிஞ்சறது, ஊதறதில்ல. அதோட இது தசைக்கான மிஷினும் இல்ல"ன்னு ஓரமா வைக்கச் சொல்லிட்டாங்க. அப்புறம் மூக்குல கிளிப் போட்டு, உள்ள இருக்கற காத்தையெல்லாம் வெளிய விடச் சொல்லி, அடைச்ச குழாயை முழு பலத்தோட உறிஞ்சச் சொன்னாங்க. 42 வந்துச்சு. குறைவாம். வேற ஒரு கருவி வாங்கச் சொல்றாங்க.

என் கேள்வி இதுதான். எப்படியும் நுரையீரலையே மாத்தப் போறாங்க, இப்ப தசைக்கு எதுக்கு இவ்வளவு பாடு? அப்பா "வண்டி ஷெட்டுக்குப் போகப் போகுது, இப்ப எதுக்கு வாட்டர் வாஷ்"ங்கறார். எனக்கும் பதில் சொல்லத் தெரியல.

கோவில்பட்டி_கடலைமிட்டாய் | செவ்வாய், காலை 6.15

தங்கச்சி, அப்பாகிட்ட இப்படிச் சொல்லுங்க. கொல்லன் பட்டறையில துருத்தி கிழிஞ்சா தோலைப் புதுசா மாத்தலாம். இழுக்கிற கை அதே கைதான். நுரையீரல் தானா விரியாது. கீழ டயாஃப்ரம் (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசை) இழுக்கணும், விலா எலும்புக்கு நடுவுல இருக்கிற தசை தூக்கணும். அதெல்லாம் ஆபரேஷனுக்கு அப்புறமும் அம்மாவோட பழைய சரக்குதான்.

எனக்கு 2019-ல ரெண்டு பக்கமும் மாத்தினாங்க. சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் நாள்பட்டு அடைச்சுப்போற நோய். (ஆமா, சிகரெட். திட்டாதீங்க, வீட்டுல ஏற்கெனவே திட்டியாச்சு.) மூணாம் நாள் எக்ஸ்ரே பார்த்துட்டு டாக்டருக்கெல்லாம் ஒரே சந்தோஷம். நுரையீரல் பளிச்சுன்னு இருக்கு. ஆனா வென்டிலேட்டரை விட்டு என்னால வர முடியல. கழட்டினா அரை மணி நேரம், தோள் ரெண்டும் தூக்கி இறங்கும், வேர்த்து ஊத்தும், திரும்ப மாட்டிடுவாங்க. தொண்டையில துளை போட்டு 19 நாள். காத்திருந்த ஒன்றரை வருஷம் நான் கட்டில்லேயே கிடந்தேன். நடந்தா மூச்சு வாங்குது, அதனால நடக்கல. எவனும் வந்து எழுப்பல, நானும் எழுந்திருக்கல.

அம்மாவைக் கட்டில்ல விடாதீங்க.

நெஞ்சக_பிசியோ | செவ்வாய், பிற்பகல் 2.05

நான் பிசியோதெரபிஸ்ட். 11 வருடமாக நுரையீரல் நோயாளிகளோடுதான் வேலை. அம்மாவை நான் பார்க்காததால் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

முதலில் பந்து விவகாரம். மூன்று பந்தும் ஏற நொடிக்கு 600, 900, 1200 மில்லி வேகத்தில் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலியால் மேலோட்டமாக மூச்சு விடுகிறவர்களை ஆழமாக இழுக்க வைத்து, நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி ஒட்டிப்போகாமல் பார்ப்பதற்காகச் செய்தது அது. தசைக்கு அதில் எதிர்ப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஜிம்மில் வெறுங்கையை ஆட்டுவது போலத்தான். "ஊதுங்க" என்று சொல்லிக் கொடுப்பது நம் ஊரில் தீராத வியாதி. சிலர் ஊதிப் பார்த்துப் பந்து ஏறாததால் மிஷினையே தலைகீழாகப் பிடித்து ஊதுவார்கள், பந்தும் ஏறும், குடும்பமே கைதட்டும்.

உங்களை வாங்கச் சொன்ன கருவியில் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கும். குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் உறிஞ்சினால்தான் திறக்கும், இல்லாவிட்டால் ஒரு சொட்டுக் காற்றும் வராது. அதுதான் தசைக்கு எடை. வழக்கமாக அளவெடுத்த அழுத்தத்தில் 30 சதவீதத்தில் தொடங்குவோம். அம்மாவுக்கு 42 என்றால் 13-ஐ ஒட்டி. 30 மூச்சு, தினமும் இரண்டு வேளை. பழகப் பழக வாரா வாரம் கொஞ்சம் ஏற்றுவோம்.

அந்த 42 சென்டிமீட்டர் நீர் அழுத்தம். அம்மா வயதுப் பெண்களுக்கு எழுபதை ஒட்டி எதிர்பார்ப்போம், கணக்கிடும் சூத்திரத்தைப் பொறுத்து மாறும். ஆனால் இது முழு முயற்சியைக் கேட்கிற சோதனை. உதட்டோரம் காற்று கசிந்தால், பயந்தால், புரியாமல் செய்தால் எண் குறையும். ஒரே ஒரு தடவை எடுத்த எண்ணை நம்பாதீர்கள். எத்தனை தடவை எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். கடலைமிட்டாய் அண்ணனின் தசைக்கும் உங்கள் அம்மாவின் தசைக்கும் வந்திருக்கிற கஷ்டம் ஒன்றல்ல. சிஓபிடியில் காற்று உள்ளே மாட்டிக்கொண்டு நுரையீரல் ஊதிப்போய், குவிந்திருக்க வேண்டிய டயாஃப்ரம் தட்டையாகிவிடும். வாளி ஏற்கெனவே கிணற்றுக் கட்டை வரை வந்து நிற்கும்போது கயிற்றை இழுத்து என்ன வரும்? தசை நன்றாக இருந்தாலும் இழுக்க நீளம் மிச்சம் இல்லை. ஆனால் அந்தத் தசை ஓயாமல் உழைத்து உழைத்து, களைப்பு தாங்கும் இழைகள் அதில் கூடிப்போயிருக்கும். அது ஒரு ஆச்சரியம். அம்மாவுக்கு நேர்மாறு. நுரையீரல் சுருங்கி விறைத்திருப்பதால் டயாஃப்ரம் நல்ல குவிவோடு இழுக்கத் தோதான இடத்தில்தான் இருக்கும். இழுக்கவேண்டிய பாரம்தான் அதிகம். அப்படி இருந்தும் 42 என்றால், அளவெடுத்ததில் கோளாறு இல்லை என்று வைத்துக்கொண்டால், தசையையே எதுவோ அரிக்கிறது. அம்மா ஸ்டீராய்டு எடுக்கிறார்களா? எவ்வளவு நாளாக? எடை எவ்வளவு குறைந்தது?

மாடக்குளம்_மகள் | செவ்வாய், இரவு 10.10

மேடம், ரொம்ப நன்றி. ஸ்டீராய்டு ரெண்டு வருஷமா. 40-ல ஆரம்பிச்சு இப்ப 10 மி.கி. எடை 61-லேருந்து 47. மாடிப்படி மட்டுமில்ல, தாழ்வான சேர்லேருந்து எழுந்திருக்கவே கை ஊன்றாங்க. சாப்பிடும்போது மூச்சு வாங்குதுன்னு நாலு வாய்க்கு மேல இறங்கறதில்ல. சோதனை ரெண்டு தடவைதான் எடுத்தாங்க. ரெண்டாவது தடவை இருமல் வந்துடுச்சு.

நெஞ்சக_பிசியோ | செவ்வாய், இரவு 10.45

கை ஊன்றி எழுந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு 42-ஐ விடப் பெரிய செய்தி. நீண்டநாள் ஸ்டீராய்டு முதலில் தின்பது தொடையையும் இடுப்பையும்தான். மூச்சுத் தசையும் தப்பாது. அதற்காக மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், ஆபத்து. மருத்துவரிடம் "தசை பலவீனம்" என்ற வார்த்தையையே சொல்லிக் கேளுங்கள். வைட்டமின் டி, தைராய்டு பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

முடிந்தால் டயாஃப்ரத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கச் சொல்லுங்கள். வலது கீழ் விலாப் பக்கம் கருவியை வைத்தால், சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கோடாகத் தெரியும். மூச்சை ஆழமாக இழுக்கும்போது எவ்வளவு தடிக்கிறது என்று பார்ப்பார்கள். 20 சதவீதம் கூடத் தடிக்கவில்லை என்றால்தான் கவலை. நோயாளி தம் கட்டி ஊதவோ உறிஞ்சவோ தேவையில்லை, படுக்கையிலேயே எடுக்கலாம்.

கணக்கு_வாத்தி | புதன், காலை 9.30

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் கருவியை வாங்கு வாங்கு என்கிறீர்கள். 2018-ல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வு, சிஓபிடி நோயாளிகளில் மூச்சுத் தசை பலவீனமானவர்களையே தேர்ந்தெடுத்து, மறுவாழ்வுப் பயிற்சியோடு இந்தக் கருவியைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிட்டது. கருவி பயன்படுத்தியவர்களுக்கு உறிஞ்சும் அழுத்தம் கூடியது, சரி. 6 நிமிட நடைத் தூரம் மற்றவர்களைவிடக் கூடவில்லை. எண் ஏறுகிறது, ஆள் நடக்கவில்லை என்றால் யாருக்கு லாபம்? கருவி விற்பவருக்கு.

என் மைத்துனருக்கும் இதே கதை நடந்ததால்தான் கோபம். கருவி வாங்கினோம், டைரி போட்டோம், ஆனால் தினமும் நடக்க வைக்க ஆள் இல்லை.

நெஞ்சக_பிசியோ | புதன், பிற்பகல் 1.20

வாத்தியார் சொன்னதில் பிழை இல்லை. அதே ஆய்வில் சைக்கிள் மிதித்துத் தாக்குப்பிடிக்கும் நேரம் கொஞ்சம் கூடியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர்கள் யாரும் நெஞ்சைப் பிளந்து நுரையீரல் மாற்றிக்கொள்ளப் போகிறவர்கள் அல்ல. கடலைமிட்டாய் அண்ணனுக்கு நடந்தது எனக்கு உறுத்துவதால் ஒன்று சொல்கிறேன்.

2008-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. மூளைச்சாவு அடைந்த 14 உறுப்புக் கொடையாளர்களின் டயாஃப்ரத்தில் சிறு துண்டை எடுத்துப் பார்த்தார்கள். வென்டிலேட்டரில் 18 முதல் 69 மணி நேரம் டயாஃப்ரம் வேலையே செய்யாமல் இருந்ததில், தசை இழைகளின் குறுக்குப் பரப்பு, குறுகிய அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களோடு ஒப்பிட்டால், பாதிக்கும் மேல் சுருங்கியிருந்தது. மூன்று நாளுக்குள்! பெட்டியில் நிறைய வைத்திருப்பவர் பாதியை இழந்தாலும் சமாளிப்பார். காலிப் பெட்டியோடு போகிறவர் என்ன செய்வார்? அதோடு டயாஃப்ரத்துக்குப் போகிற நரம்பு இதயத்தை ஒட்டியே ஓடுகிறது. அறுவையின்போது அது இழுபட்டு மரத்துப்போவதும் உண்டு. அதனால் காத்திருக்கும் காலத்தில் நான் பார்ப்பது நடைத் தூரத்தை மட்டும் அல்ல, பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதையும்தான்.

ஆனால் கருவி வாங்கியதால் அறுவைக்குப் பிறகு நிச்சயம் சீக்கிரம் குழாய் கழலும் என்று உறுதி சொல்ல மாட்டேன். கால் பயிற்சி, சாப்பாடு, அதற்குப் பிறகுதான் கருவி. இது என் வரிசை. காசு இடித்தால் கருவியைத் தள்ளிப்போடுங்கள், நடையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கணக்கு_வாத்தி | புதன், பிற்பகல் 1.50

இப்படிச் சொன்னால் எனக்குச் சண்டையே இல்லை.

ஸ்காபரோ_சித்தப்பா | புதன், இரவு 8.00

தங்கச்சி, நான் கனடாவில இருந்து எழுதுறன். என்ர மனுசிக்கு 2021-ல டொரான்டோ ஜெனரலில ரெண்டு நுரையீரலும் மாத்தினவை. 1983-ல ஒருத்தருக்கு ஒரு பக்க நுரையீரல் மாத்தி, அவர் கனகாலம் உயிரோட இருந்தது இந்த ஆஸ்பத்திரியிலதான். அதுக்கு முந்தி உலகத்தில செய்ததெல்லாம் சரிவரேல்லை.

இஞ்ச பட்டியலில பேர் வந்தா கிழமைக்கு மூண்டு நாள் பிசியோவுக்குப் போக வேணும். விருப்பமெண்டா போறது எண்டில்லை, கட்டாயம். கூட ஒரு ஆளும் நிக்க வேணும். ட்ரெட்மில், கைக்கும் காலுக்கும் பாரம், சைக்கிள். ஒவ்வொரு நாளும் எத்தினை லிட்டர் ஒக்சிசன், எத்தினை கிலோ பாரம் எண்டு எழுதி வைப்பினம். மனுசி முதல் கிழமை "என்னைக் கொல்லத்தான் கூட்டிக்கொண்டு வந்தனியள்" எண்டு அழுதவ. பனி கொட்டேக்கையும் போனனாங்கள். உறிஞ்சிற கருவி அவவுக்குத் தரேல்லை. முழுக்கக் கால்தான். ஆனா ஒப்பரேசன் முடிஞ்சு அஞ்சாம் நாள் காலைத் தொங்கப்போட்டு இருந்தவ.

அங்க ஆள் வந்து கட்டாயப்படுத்தாட்டி நீங்கதான் கட்டாயப்படுத்த வேணும். பாசத்தில விடாதீங்கோ.

திருவல்லிக்கேணி_மாமி | வியாழன், காலை 5.50

குழந்தே, என் கணவருக்கும் நுரையீரல் பிரச்சினைதான். காசு செலவில்லாம கபாலபாதி, பஸ்திரிகா பண்ணச் சொல்லு. பலூன் ஊதறதும் நன்னா இருக்கும். எங்காத்துல அதான்.

நெஞ்சக_பிசியோ | வியாழன், காலை 10.15

மாமி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நிலையில் அந்த மூன்றும் வேண்டாம். கபாலபாதியும் பலூனும் காற்றை அடித்து வெளியே தள்ளுகிற வேலை. பலவீனமாக இருப்பது உள்ளே இழுக்கிற தசை. மேலும் முற்றிய நுரையீரலில் கொப்புளம் போன்ற காற்றறைகள் இருக்கலாம். அழுத்தத்தில் ஒன்று உடைந்து நெஞ்சுக்குள் காற்று கசிந்தால் நேராக அவசர சிகிச்சைதான். உறிஞ்சும் கருவிக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. சமீபத்தில் நெஞ்சில் காற்று கசிந்தவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் மிக அதிகமானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. பிராமரி (வண்டு போல ரீங்கரித்து மூச்சு விடுவது) மெதுவாகச் செய்யலாம். இருமல் வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

திருவல்லிக்கேணி_மாமி | வியாழன், காலை 10.40

சரிம்மா. அவரை இன்னிக்கே நிறுத்தச் சொல்றேன். பலூன் ஊதிட்டு தலை சுத்தறதுன்னு சொல்லிண்டே இருந்தார்.

கோவில்பட்டி_கடலைமிட்டாய் | வியாழன், மதியம் 12.30

சாப்பாட்டைப் பத்தி யாரும் விரிவா சொல்லல. நான் சொல்றேன், இதுல நான்தான் டாக்டர். மூணு வேளை சாப்பாட்டை மறந்துடுங்க. வயிறு நிறைஞ்சா டயாஃப்ரத்துக்குக் கீழ இறங்க இடமில்லாமப் போகுது, அதான் நாலு வாய்க்கு மேல இறங்கல. ஆறு வேளை, கையளவு. சாப்பிடும்போது மூக்குல இருக்கிற ஆக்சிஜனைக் கழட்டவே கூடாது (எங்க வீட்டுல மரியாதைக்குக் கழட்டுவேன், மடத்தனம்). குழைஞ்ச சாதத்துல முட்டையை அடிச்சுக் கலக்கிடுங்க, பருப்புக் கஞ்சியில நெய், பால்ல கடலைப்பொடி. வெறும் ரசஞ்சாதம் கொடுத்து "வயித்துக்கு இதமா இருக்கும்"னு சொல்ற சொந்தக்காரங்களைக் கிட்ட விடாதீங்க. அதுல புரதம் ரொம்பக் கம்மி. சுண்டல், மொச்சை நல்லதுதான், ஆனா வாயு புடிச்சா அன்னிக்கு மூச்சு போச்சு.

எடை ரொம்பக் குறைஞ்சா பட்டியல்லேயே பிரச்சினை வரும். உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு (பிஎம்ஐ) 16-க்குக் கீழ போனா நிறைய இடத்துல யோசிப்பாங்க. 35-க்கு மேல போனாலும் அதே கதை.

மாடக்குளம்_மகள் | ஒன்பது வாரம் கழித்து, ஞாயிறு, பகல் 3.20

எல்லாருக்கும் ஒரு தகவல் சொல்லணும்னு தோணுச்சு.

நடை ஆரம்பிச்சோம். வராண்டாவுல 15 மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டேன். கையில ஆக்சிமீட்டர், ரத்தத்துல ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழ போனா நிக்கணும்னு பிசியோ சொல்லிருக்காங்க. முதல் நாள் ஒரு சுத்துலயே 84. லிட்டரை ஏத்தி, நடுவுல ஸ்டூல் போட்டு, இப்ப எட்டு சுத்து. சேர்லேருந்து எழுந்து உட்கார்ற பயிற்சி அஞ்சுல ஆரம்பிச்சு இப்ப பன்னெண்டு, கை ஊன்றாம. எடை 49.4. கருவியையும் வாங்கிட்டோம், அப்பாவே போய் வாங்கிட்டு வந்தார். 13-ல ஆரம்பிச்சு 21. போன வாரம் அளந்தப்ப 51.

கணக்கு_வாத்தி | ஞாயிறு, மாலை 4.00

சேர் கணக்கும் எடையும்தான் எனக்குப் பிடித்தது. 42-லிருந்து 51 ஏறியதில் பாதி, சோதனையே பழகிப்போனதால் வந்திருக்கலாம். அந்த 42 எடுத்த அன்று நடுவில் இருமல் வேறு வந்தது.

நெஞ்சக_பிசியோ | ஞாயிறு, மாலை 6.30

இருக்கலாம். நான் 42-ஐயே முழுசாக நம்பவில்லை. மூன்று மாதம் கழித்து, அதே ஆள் அதே மிஷினில் குறைந்தது ஐந்து முறையாவது எடுக்கட்டும், பிறகு பேசலாம். கை ஊன்றாமல் பன்னிரண்டு என்பதை இந்த ஊரில் எந்தக் கணக்கு வாத்தியாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

மாடக்குளம்_மகள் | ஞாயிறு, இரவு 9.15

இன்னொண்ணு சொல்லல. புதன் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வந்துச்சு. நுரையீரல் ஒண்ணு வருது, உடனே வாங்கன்னாங்க. பையெல்லாம் தயாராத்தான் இருந்துச்சு. ரத்தம் எடுத்து, குளிப்பாட்டி, பச்சைத் துணி போட்டு உட்கார வெச்சாங்க. மூணரை மணிக்கு டாக்டர் வந்து, அந்த நுரையீரல் சரியா இல்ல, வீட்டுக்குப் போங்கன்னார். இப்படி நடக்கும்னு முதல்லயே சொல்லியிருந்தாங்க. இருந்தாலும் ஆட்டோவுல யாரும் பேசல. யாரோ ஒரு வீட்டுல அந்த ராத்திரி "எடுத்துக்கோங்க"ன்னு சொல்லிருக்காங்க, அதையே நினைச்சுட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த ஊதற மிஷின் எங்க? ராத்திரி முப்பது பாக்கி இருக்கு." உறிஞ்சறதும்மா, ஊதறதில்லன்னு அப்பா திருத்தினார். விடியற்காலை நாலரைக்கு ரெண்டு பேரும் அதுக்குச் சண்டை போட்டாங்க.

ஸ்காபரோ_சித்தப்பா | ஞாயிறு, இரவு 10.00

எங்களுக்கும் ரெண்டு தரம் அப்பிடிக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பினவை, தங்கச்சி. மூண்டாவது தரம் நடந்தது. பையைப் பிரிக்காதேங்கோ.

சேலத்து_தறி | திங்கள், காலை 7.45

புதுசா சேர்ந்திருக்கேன். என் தம்பிக்கு இப்பத்தான் மதிப்பீடு நடக்குது, வயசு 33. அந்த ஸ்பிரிங் கருவி யாராவது வாங்கி இப்ப பயன்படுத்தாம வெச்சிருந்தா பாதி விலைக்குக் கொடுப்பீங்களா?

நெஞ்சக_பிசியோ | திங்கள், காலை 8.10

தம்பி, வாயில் வைக்கிற கருவி. மாற்று நுரையீரலுக்குக் காத்திருப்பவருக்கு அடுத்தவர் சளி ஒட்டியது வேண்டவே வேண்டாம். முதலில் தம்பியின் அழுத்தத்தை அளந்து பாருங்கள். பலவீனம் இருந்தால் அப்போது யோசிக்கலாம். உங்கள் வீட்டு வராண்டா எத்தனை மீட்டர்?